மூன்றாவது சங்கு

மூன்று தடவை ஹாரன் அடிப்பான் என்று கதிரேசன் சொன்னதும் இறங்கப்போன நயினார் நின்றுவிட்டார். படகு கோட்டைப் படித்துறையில் முட்டி நின்றிருந்தது. முப்பத்தாறு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து இவர்களை எல்லாம் காசிக்குக் கூட்டி வந்திருக்கும் கதிரேசன் மட்டும் படகின் மூக்கில் ஏறி நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். “இது ராஜா இருந்த கோட்டை. உள்ள மியூசியம் இருக்கு, நல்லாப் பாத்துட்டு வாங்க. நாலரைக்கு மொத ஹாரன். பெறகு பத்து நிமிசத்துக்கு ஒண்ணு. மூணாவது ஹாரனுக்கு எல்லாரும் படகுல இருக்கணும். காலைல ரயிலு, ஞாபகம் வச்சுக்கிடுங்க.” மூன்று. பத்து நிமிடத்துக்கு ஒன்று. இவனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? நயினாருக்கு, அதாவது தாமிரபரணியில் ஓர் அணைக்கட்டில் ஷட்டர் ஏற்றி இறக்கியே முப்பத்து நாலு வருசம் ஓட்டி ஓய்வுபெற்ற லஸ்கர் ஆறுமுகநயினாருக்கு, அது மனப்பாடம். தண்ணீர் திறக்குமுன் சங்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிட இடைவெளி, மூன்றாவது சங்கு ஊதி முடித்த பிறகுதான் ஷட்டரில் கை வைக்க வேண்டும். சைரனை அவர்கள் பக்கத்தில் சங்கு என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட வேண்டும். காசியை விட்டு ரயில் ஏறுமுன் மனைவி உலகம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். ஊரில் பெட்டி கட்டும்போதே எடுத்த முடிவு அது. கங்கைக் கரையில் சொல்லலாம் என்று நினைத்தார், அங்கே கூட்டம். கோவிலில் சொல்லலாம் என்று நினைத்தார், அங்கே தள்ளுமுள்ளு. தங்கின இடத்தில் சொல்லலாமென்றால் ஒரே அறையில் ஆறு பேர். நாலு நாள் இப்படிச் சாக்குப்போக்கிலேயே போய், மிச்சம் இருப்பது இந்தக் கோட்டை ஒன்றுதான். சொல்ல வேண்டியது என்னவோ ஒரே ஒரு வரி. உன் தம்பி கொம்பையாவை ஆறு கொண்டுபோன அன்றைக்கு நான் சங்கு ஊதவில்லை. அவ்வளவுதான். முப்பத்தோரு வருசமாக நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போகிற வரி.

படிகள் செங்குத்தாக இருந்தன. ராஜாக்களுக்கு முட்டுவலி வராது போலிருக்கிறது, வந்தால் தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்திருப்பான். உலகம்மாள் நாலு படிக்கு ஒருதரம் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பின்னால் நயினார். பக்கவாட்டுச் சுவரில் கோடு கோடாக இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் வருசம் எழுதியிருந்தது. பாஷை தெரியாவிட்டாலும் அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் ஏறின மட்டம். ஒரு கோடு அவர் இடுப்புக்கு, ஒரு கோடு மார்புக்கு, ஒன்று தலைக்கு மேலே எட்டாத உயரத்தில். கண் தன்னால் அந்த வருசத்தைத் தேடியது. முந்தின வருசம் இருந்தது, பின்னால் இரண்டு வருசம் தள்ளி ஒரு கோடு இருந்தது, அந்த வருசம் மட்டும் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? அது வேறு ஆறு, வேறு மழை. அன்றைக்கு இந்த ஆறு இந்தப் படியில் சாதுவாகப் படுத்துக் கிடந்திருக்கும். அங்கேயும்தான் ஊரையே முழுக்காட்டிய வெள்ளமா வந்தது? இடுப்பளவுத் தண்ணீர். நின்று நிதானமாக வந்தால் நீந்தி ஏறிவிடக்கூடிய தண்ணீர்தான், ஆனால் அப்படி வராது, ஷட்டரைத் திறந்தால் சுவர் மாதிரி நெட்டுக்க வரும். அதற்குத்தானே சங்கு. “என்ன அங்கன சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிய? மேல ஏறுங்க” என்றாள் உலகம்மாள். குரலில் ஒன்றும் இல்லை, எப்போதும் போலத்தான் இருந்தது. அந்த எப்போதும்போல்தான் அவரைக் கொல்கிற விஷயம். ஒருநாள் அழுது, கத்தி, சட்டையைப் பிடித்திருந்தால் அன்றைக்கே கொட்டித் தீர்த்திருப்பார். அவளோ சோறு போட்டாள், பிள்ளையை வளர்த்தாள், அவர் வேட்டிக்கு நீலம் போட்டாள்.

உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சியாக இருந்தது. பழைய மோட்டார் கார்கள் வரிசையாக நின்றன. டயர் செத்து, விளக்கு குருடாகி, மேலே தூசி ஒரு விரல் கனத்துக்கு. கூட வந்தவர்கள் அதிலும் ஒரு சந்தோஷத்தைக் கண்டுபிடித்து, இது அந்தக் காலத்து டாக்சி என்று ஒருவரும், இல்லை ராணி கோவிலுக்குப் போகிற வண்டி என்று ஒருவரும் ராஜாவோடு கூடப் பிறந்தவர்கள்போல அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடையத்துச் சொர்ணத்தம்மாளுக்குக் கார் முக்கியமில்லை, கத்திரிக்காய்தான் முக்கியம். நேற்றிலிருந்து அந்த ஒரே புலம்பல். காசிக்கு வந்தால் எதையாவது விட வேண்டும், ஒரு காயோ கனியோ, விட்டால் ஆயுசுக்கும் தொடக்கூடாது. நேற்றுக் காலை எல்லாரும் கங்கையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க, படியில் உட்கார்ந்திருந்த சாஸ்திரிகள், “என்ன விடுறேளோ அதை மனசுக்குள்ள சொல்லிண்டு முங்குங்கோ” என்று சொல்ல, சொர்ணத்தம்மாள் அந்த நேரத்துப் பதற்றத்தில் கத்திரிக்காய் என்று நினைத்துத் தொலைத்துவிட்டாள். மத்தியானம் இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய். “நாப்பது வருசமா கத்திரிக்கா இல்லாம ஒரு நாளும் சோறு எறங்குனதில்ல எனக்கு. வாய்ல வேற பேரே வரலியே, பாவி மனசு” என்று இப்போதும், ராஜாவின் காரில் சாய்ந்துகொண்டு, உலகம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாற்றிக்கொள்ளலாமா என்று சாஸ்திரிகளிடமே போய்க் கேட்டும் பார்த்துவிட்டாள். அவர் சிரித்தாராம். விட்டது விட்டதுதான் அம்மா, நீங்களும் தொடப்படாது, இன்னொருத்தர் எடுத்து ஊட்டினாலும் வாங்கப்படாது. நயினார் கெட்டிக்காரர். விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். சின்ன வயசிலிருந்தே அவருக்குக் கண்ணிலே காட்டக்கூடாத சுண்டைக்காயை விட்டார். படகில் வரும்போது அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். நீ என்ன விட்டே என்று உலகம்மாளைக் கேட்டதற்கு, “பெறவு சொல்லுதேன்” என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டாள். என்ன விட்டிருப்பாள்? பலாப்பழமாக இருக்கும். இல்லை, பாகற்காய். கேட்டால் என்ன, சொன்னால் என்ன, அவளுக்கு எல்லாமே பெறவுதான். ஆனால் நேற்று அந்தத் தண்ணீரில் நின்றது. முப்பத்தோரு வருசத்தில் அவர் ஆற்றில் இறங்கினது அதுதான் முதல்தடவை. ஆற்றிலேயே உத்தியோகம் பார்த்துவிட்டுக் குழாயடியில் குளிக்கிறானே இவன் என்று ஊரில் கேலி பேசுவார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டார். நேற்று கண்ணை இறுக மூடிக்கொண்டு முங்கினார். கரண்டைக் காலை யாரோ பிடித்தார்கள். தொட்டார்கள் என்று சொல்ல முடியாது, பிடித்தார்கள். குளிர்ந்த அஞ்சு விரல், அக்கா வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்று மச்சானைக் கூப்பிடத் தோளைத் தொடுவானே, அந்த உரிமையோடு. அலறியடித்து எழுந்து படியில் உட்கார்ந்துவிட்டார். செடியாக இருக்கும், துணியாக இருக்கும், கூட முங்கின யாருடைய காலாகவோ இருக்கும். காலையில் பார்த்தார், கரண்டைக் காலில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடம் மட்டும் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது.

கார் இருந்த கூடத்திலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வழியில் கல் தரையில் ஈரக்கால் தடம் இருந்தது. நயினார் குனிந்து பார்த்தார். வெறுங்கால். இடது கால் தடத்தில் சுண்டுவிரல் கொஞ்சம் விலகி. ஆற்றில் குளித்துவிட்டு யாராவது உள்ளே வந்திருப்பார்கள், இந்த ஊரில் எல்லாரும் எந்நேரமும் குளித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே தடத்தின் பின்னால் போனார். கொம்பையாவுக்கு இடது சுண்டுவிரல் விலகித்தான் இருக்கும், செருப்புப் போட்டால் கடிக்கும் என்று எப்போதும் வெறுங்காலோடுதான் நடப்பான். போதும், நிறுத்து, உலகத்தில் இந்த மாதிரி விரல் ஆயிரம் பேருக்கு இருக்கும். வாள்கள் இருந்தன, கண்ணாடிப் பெட்டிக்குள். துப்பாக்கிகள், குத்தீட்டிகள், யானைத் தந்தத்தில் செய்த சின்னச் சின்னப் பொம்மைகள். இத்தனை வாளில் எத்தனை வாள் ஆளைத் தொட்டிருக்கும்? தொட்ட வாளும் தொடாத வாளும் ஒன்றுபோலத்தான் பளபளக்கின்றன, கீழே சீட்டு எழுதி வைத்திருந்தாலும் அதை எவன் எழுதியிருக்கப்போகிறான். அவர் எழுதினாரே அதுபோல எழுதுவான். சங்கு மூன்று முறை ஊதப்பட்டது, மணி 2.40, 2.50, 3.00. அணைக்கட்டு ரிஜிஸ்டரில் நீல மசியில் எழுதினார். எழுதும்போது கை நடுங்கவில்லை. இன்றுவரை அதுதான் அவருக்கு விளங்காத விஷயம். விசாரிக்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். சுற்றி நின்ற ஜனம் அவர் வாய் திறக்குமுன்பே அவருக்காகச் சொல்லிவிட்டது: அன்னைக்குப் பேஞ்ச மழையில சங்கு எவன் காதுல விழுந்திருக்கும், பாவம் மச்சினனையே பறிகொடுத்துட்டு நிக்கிறார் மனுசன். மச்சினனையே. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முப்பத்தோரு வருசம் ஓடிவிட்டது. ஈரத்தடம் மூலை திரும்பி இன்னோர் அறைக்குள் போனது.

அந்த அறையில் யானை அம்பாரி வைத்திருந்தார்கள். வெள்ளித் தகடு கறுத்து, பட்டுத் துணி நைந்து, உட்காருகிற இடத்தில் பஞ்சு வெளியே தெரிய, ராஜா இப்போதுதான் இறங்கிப் போனதுபோல ஒரு பள்ளம். அதன்மேல் ஏறுவதற்கு ஓர் ஏணி சாய்த்து வைத்திருந்தது. ஈரக்கால் தடம் அந்த ஏணியடியில் போய் நின்றது. அதற்கப்புறம் இல்லை. ஏணி. அன்றைக்கும் ஏணிதான். லஸ்கர் குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில்தான் சங்கு இருந்தது, கைப்பிடி போட்டுச் சுற்றுகிற பழைய சங்கு, சுற்றினால் வீட்டுக்குள் பாத்திரம் அதிரும். மேல் அணையிலிருந்து போன் வந்தது, தண்ணீர் திறந்தாச்சு, ஷட்டரை ஏத்து என்று. ஐப்பசி மாசம், மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை. வீட்டுக்குள் பிள்ளைக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். கல்யாணமாகி ஏழு வருசம் கழித்து, ஏறாத கோவில் எல்லாம் ஏறிப் பெற்ற பிள்ளை, ஒரு வயசு நிறையவில்லை. மூன்று நாளாகக் கண் மூடாமல் கத்திக்கொண்டிருந்தவன் அப்போதுதான் அம்மா தோளில் அசந்திருந்தான். நயினார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார், ஏணியின் முதல் படியில் வலது காலை வைத்தார். உலகம்மாள் வாசலுக்கு வந்தாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், குரல்கூட வராமல், “இப்பத்தான் கண்ணசந்துருக்கான். இன்னைக்கு ஒரு நாளு அந்தச் சங்கு இல்லாம ஆவாதா?” என்றாள். அவர் ஆற்றைப் பார்த்தார். மழையில் ஒரு குஞ்சு குருவி இல்லை. மணல் காலியாகக் கிடந்தது. ஏணியில் வைத்த காலை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கால், ஒரு படி, வைத்தார், எடுத்தார். இப்போதும் சில நாள் விடிகாலையில் அந்த வலது கால் தானாக உயர்ந்து போர்வைக்குள் எதையோ தேடும். அக்கா மகனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பாலம் சுற்றிப் போனால் இரண்டு மைல் என்று, மணலில் குறுக்கே இறங்கி வந்தான் கொம்பையா. இருபத்திரண்டு வயசு. காய்ச்சல் பிள்ளைக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் நாணல் புதரில் அந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தது நயினார்தான். மெழுகுத்தாள் சுற்றி, நூல் கட்டி, உள்ளே ஒரு சொட்டு நனையவில்லை. யாருக்கும் காட்டாமல் மணலில் குழி பறித்துப் புதைத்தார். சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் முழுசும் சொல்ல வேண்டுமே. நான் ஊதவில்லை என்றால், ஏன் ஊதவில்லை என்பாள். அவள் வாசலில் வந்து நின்று சொன்ன வார்த்தையை அவள் கையிலேயே கொடுக்க வேண்டிவரும். அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. மூன்று நாள் தூக்கமில்லாதவள், ஷட்டரை ஏற்றிவிட்டு அவர் திரும்பி வரும்போது பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையிலேயே விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் சங்கு காதில் விழாமல் போயிற்று என்றுகூட நினைத்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு இருக்கிறவளிடம் போய், உன் வார்த்தைக்காகத்தான் உன் தம்பி செத்தான் என்று சொல்வதற்குப் பெயர் உண்மை சொல்வதா? இல்லை, பாரத்தில் பாதியை அவள் தலையில் இறக்குவதா? கோழை. நல்ல காரணம் கண்டுபிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லையடா நயினார். நீ அவளுக்காகவா வாயை மூடிக்கொண்டிருந்தாய்? உத்தியோகத்துக்காக, பென்ஷனுக்காக, அவள் ஒருநாளும் உன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாளோ என்ற பயத்துக்காக. அந்தப் பயம் மட்டும் நிஜம். அப்போதுதான் கீழே, வெகு தூரத்தில், முதல் ஹாரன் ஊதியது.

ஹாரன் என்றால் ஊர் பஸ் ஹாரன் மாதிரி இல்லை. நீளமாக, தொண்டை கட்டினதுபோல, ஆற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வந்து கோட்டைச் சுவரில் மோதித் திரும்பியது. நயினார் அம்பாரி அறையை விட்டு வெளியே ஓடிவந்தார் என்றே சொல்ல வேண்டும். உலகம்மாளைக் காணவில்லை. கார் கூடத்தில் இல்லை, வாள் அறையில் இல்லை. கதவு நிலையைத் தாண்டி நீலக் கட்டம் போட்ட கைலிச் சாரம் ஒன்று மறைந்தது, மடித்துக் கட்டியது, முனையில் தண்ணீர் சொட்ட. “ஏ” என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தது காவல்காரன்தான். அவன் காக்கி கால்சட்டை போட்டிருந்தான், சாரமும் இல்லை, ஈரமும் இல்லை. கையை ஆட்டி இந்தியில் என்னவோ சொன்னான். நேரம் ஆகிவிட்டது என்று சொல்லியிருப்பான். ஆமாம் ஆகிவிட்டது என்று நயினார் தமிழில் சொன்னார். இவள் எங்கே போனாள்? ஆற்றுப் பக்கம் போயிருப்பாளா, மாடத்திலிருந்து எட்டிப் பார்த்திருப்பாளா, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் இருக்கும்? ஒருதரம், அது நடந்து ஆறேழு வருசம் இருக்கும், அம்பாசமுத்திரத்தில் மில் சங்கு புதிதாக மாற்றி முதல்நாள் ஊதினார்கள். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த உலகம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். கல்லில் தோசை கருகி வாடை வந்தது. கேட்கப்போகிறாள் என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். அவள் வாய் திறந்தது. “தண்ணி வேணுமா?” என்றாள். வேண்டாம் என்றார். அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதற்குப் பதில் ஊதவில்லை என்று சொல்லியிருக்கலாம், இரண்டும் ஒரே ஒரு வார்த்தைதானே.

ஆற்றைப் பார்த்த கல் மாடத்தில் இருந்தாள். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். கீழே கங்கை அகலமாக, வெயில் சாய்ந்த மஞ்சளில், எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. படகு கோட்டை நிழலுக்குள் சின்னதாகத் தெரிந்தது. அவள் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நயினாருக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் உட்கார்ந்தார். இதுதான் இடம். கூட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, சாக்கும் இல்லை. “ஏளா, உலகு” என்றார். “என்ன, மூஞ்சியெல்லாம் வேர்த்துருக்கு? மாத்திரை போட்டியளா?” “போட்டேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” முந்தானையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் ஆற்றைப் பார்த்துக்கொண்டாள். “நேத்து நான் என்ன விட்டேன்னு கேட்டியள்லா?” “ஆமா, அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது…” “சொர்ணத்தக்கா கத்திரிக்காய விட்டா. நீங்க சுண்டைக்காய விட்டிய. சாமியையே ஏய்க்கப் பாத்த ஆளு நீங்க ஒருத்தருதான்” என்று சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. “நான் காயும் விடல, கனியும் விடல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன். தம்பி போன அன்னையிலருந்து வச்சிருந்தேன். நேத்து தண்ணியில நின்னு அத விட்டுட்டேன்.” இரண்டாவது ஹாரன் ஊதியது. இந்தமுறை அது கீழே இருந்து வரவில்லை, கல்லுக்குள்ளிருந்து வந்தது, உட்கார்ந்திருந்த இடம் அதிர்ந்தது. அது முழுக்க அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். “அன்னைக்கு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு நான் ஒரு வார்த்த சொன்னேன். எனக்கு மறக்கல. மறந்துட்டேன்னு நீங்க நெனச்சிருப்பிய. அதையும் சேத்துத்தான் விட்டேன்.” “இல்ல உலகு, கொஞ்சம் நான் சொல்லுதத…” “வேண்டாம்” என்றாள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, உப்பு போதும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். “காசியில விட்டாச்சு. இனிமே நானும் தொடப்படாது, நீங்களும் எடுத்து ஊட்டப்படாது.” கையை ஊன்றி எழுந்தாள். முட்டி மடக்கென்று சத்தம் போட்டது. “வாங்க, மூணாவது ஊதிறப் போறான்.”

அவள் முன்னால் இறங்கினாள், அவர் பின்னால் இறங்கினார். கால் படியில் பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். அந்த இடத்திலேயே மனசு மறுபடி மறுபடி போய் இடித்துக்கொண்டு நின்றது. அவளுக்குத் தெரியும். தூங்கினது காய்ச்சல் பிள்ளைதான், அவள் தூங்கவில்லை, தரையில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஊதப்போகிறார் ஊதப்போகிறார் என்று சங்கு சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். தோசை கருகின அன்றைக்கும் தெரியும். வேட்டிக்கு நீலம் போட்டபோதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் படுத்தாள், தெரிந்துகொண்டுதான் வருசாவருசம் ஐப்பசியில் தம்பி படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவருக்குத் திருநீறு பூசிவிட்டாள். அந்த விரல் ஒருநாளாவது நெற்றியில் நடுங்கியதா என்று நினைத்துப் பார்த்தார், ஞாபகம் இல்லை. விடுதலை என்று ஒரு நிமிடம் தோன்றியது. நாலாவது படியில் அது பொய் என்று தெரிந்துவிட்டது. விட்டது அவள். அவளுக்கு விடத் தெரிந்திருந்தது, தண்ணீரில் நின்று எதை விட வேண்டுமோ அதை விட்டாள். அவரோ முப்பத்தோரு வருசச் சுமையை இறக்கிவைக்க இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, இறக்கிவைத்தது ஒரு சுண்டைக்காயை. இனிமேல் அந்த ஒரு வரியைச் சொல்வதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஒரு காதும் மூடிக்கொண்டுவிட்டது. மகனிடம் சொல்லலாமா? நீ தூங்குவதற்காக என்றா? அவன் மேலே அதை எப்படி வைப்பது? இல்லை. இது இனி அவரோடுதான் சோறு தின்னும், அவரோடுதான் படுக்கும். ஆத்திரமாக வந்தது. அவள்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிறகு வெட்கமாக வந்தது. வெள்ளக் கோடுகள் போட்ட சுவரைக் கடக்கும்போது தலையை உயர்த்தவில்லை, இடுப்பு மட்டத்துக் கோட்டைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினார்.

படகில் உலகம்மாள் ஓரத்தில் இடம் பிடித்து அவரை உட்காரவைத்தாள். பலகையில் அவருக்கு அந்தப் பக்கம் ஒரு முழ இடம் ஈரமாக இருந்தது. துடைக்கலாம் என்று துண்டை எடுத்தவர் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். கதிரேசன் தலை எண்ணினான், முப்பத்தைந்து, யாருய்யா இன்னும் வரல என்று கத்தினான். மூன்றாவது ஹாரன் ஊதியது. நீளமான ஊதல். பறவைகள் கோட்டை மதிலிலிருந்து கிளம்பி வட்டமடித்தன, அக்கரைப் படிகளில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், தோணி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. ஒரு சத்தத்துக்கு ஆறு முழுக்க எப்படி உஷாராகிறது என்று நயினார் பார்த்தார். மூன்று ஊதியாயிற்று. கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான். ஆனால் படகுக்காரன் அவிழ்க்கவில்லை. மேல்படியில் கடையத்துச் சொர்ணத்தம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஏ நில்லுங்கப்பா, நில்லுங்கப்பா” என்று ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். படகுக்காரன் அவளைப் பார்த்தான், வெற்றிலையைத் துப்பினான், கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றான். மூன்று ஊதின பிறகும் ஓர் ஆள் வருவதற்காக நின்றான். அதைப் பார்த்ததும்தான் நயினாருக்கு உடைந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார், தோள் குலுங்க அழுதார். உலகம்மாள் என்ன என்று கேட்கவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். “ஊதுனா நல்லாத்தான் காதுல விழுது, என்ன?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். படகு நகர்ந்தது. கோட்டை பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஈரப் பலகைப் பக்கமாகச் சாய்ந்து நயினார் கையை ஆற்றுத் தண்ணீரில் விட்டார். கொஞ்ச தூரம் போனதும் குளிர்ந்த விரல்கள் வந்து மணிக்கட்டைப் பிடித்தன. அவர் கையை எடுக்கவில்லை.